சிறு விடுதியின் இணையதளம் தேடலில் தெரியவில்லையா? அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

“எங்கள் தளம் கூகுளில் வருவதே இல்லை” என்று விடுதி நடத்துபவர் சொல்லும் அந்த ஒரு வரிக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கக்கூடும். தேடுபொறியால் தளத்தைப் பார்க்கவே முடியாமல் இருக்கலாம். பார்த்தும் தன் அட்டவணையில் சேர்க்காமல் விட்டிருக்கலாம். சேர்த்தபின் பின்வரிசையில் தள்ளியிருக்கலாம். முன்வரிசையில் காட்டியும் யாரும் கிளிக் செய்யாமல் போகலாம். அல்லது தளம் ஒழுங்காகத் தெரிந்துகொண்டிருக்க, உரிமையாளர் தேடிப் பார்க்கும் சொல் மட்டும் பொருந்தாததாக இருக்கலாம். இவற்றுள் எது என்று பாராமல் முக்கியச் சொற்களை மாற்றிக்கொண்டே இருப்பது, காய்ச்சலா சுளுக்கா என்று கேட்காமல் தைலம் தேய்ப்பதைப் போன்றது.

தொடங்குமுன் இரண்டு ஏற்பாடுகள் தேவை. முதலாவது, சொந்தக் கைப்பேசியில் தேடிப் பார்த்து முடிவுக்கு வருவதை நிறுத்துவது. தேடல் முடிவுகள் தேடுபவர் இருக்கும் இடத்தைப் பொறுத்து மாறுகின்றன. விடுதியின் வரவேற்பறையில் அமர்ந்துகொண்டு தேடும் உரிமையாளருக்கு அவருடைய விடுதி வரைபடத்தில் முதலாவதாகத் தெரிவதில் வியப்பில்லை. மறைநிலைச் சாளரத்தில் தேடினால் பழைய தேடல்களின் சாயல் நீங்கும், ஆனால் இருப்பிடத்தின் சாயல் நீங்காது. இரண்டாவது ஏற்பாடு, கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து உரிமையை உறுதிசெய்வது. இது இலவசம்; எந்தத் தேடலுக்கு எந்தப் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற விவரத்தை 16 மாதங்கள் வரை வைத்திருக்கும். தளத்தை உருவாக்கியவர் தம் சொந்தக் கணக்கில் அதைப் பதிந்துவைத்திருந்தால், உரிமையாளர் நிலையிலான அணுகலை இன்றே உங்கள் கணக்குக்கும் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் கீழே சொல்லப்படும் பாதி வேலைகள் அது இல்லாமல் நடவாது.

அறிகுறி: விடுதியின் பெயரை முழுதாகத் தட்டினாலும் தளம் வரவில்லை

தேடல் பெட்டியில் ‘சைட்’ (site) என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் பெயரை எழுதித் தேடுங்கள். ஒரு பக்கம்கூட வரவில்லை என்றால் தளம் அட்டவணையில் சேரவில்லை என்றே பெரும்பாலும் பொருள். உறுதிப்படுத்திக்கொள்ள, சர்ச் கன்சோலின் மேற்பகுதியில் உள்ள சோதனைப் பெட்டியில் முகப்புப் பக்கத்தின் முகவரியை இட்டால், சேர்ந்திருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்பதை அதுவே சொல்லிவிடும்.

நான் இதுவரை பார்த்தவற்றுள் அடிக்கடி தென்பட்ட காரணம் வெட்கப்படும் அளவுக்கு எளியது. தளம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, அரைகுறையாக வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று ‘நோஇண்டெக்ஸ்’ என்ற குறிப்பை வைத்திருப்பார்கள். திறப்பு விழா நாளன்று அதை எடுக்க மறந்துவிடுவார்கள். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் அமைப்புகளில் ‘வாசிப்பு’ என்ற பகுதிக்குள் போனால், இந்தத் தளத்தை அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்று தேடுபொறிகளைக் கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் சரிக்குறி இருந்தால் எடுத்துவிட்டுச் சேமிக்க வேண்டும். ஒரு விடுதிக்காரர் எட்டு மாதங்களாக விளம்பரத்துக்குச் செலவழித்துக்கொண்டிருந்தார். அவருடைய தளத்தில் அந்தச் சரிக்குறி அத்தனை நாளும் அப்படியே இருந்தது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, எங்கெல்லாம் வரலாம், எங்கெல்லாம் வரக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு (robots.txt). டொமைன் பெயரை அடுத்து ஒரு சாய்கோடும் அந்தக் கோப்பின் பெயரும் எழுதினால் உலாவியிலேயே திறக்கும். அதில் ‘டிஸ்அலவ்’ என்ற சொல்லுக்கு எதிரே ஒரு சாய்கோடு மட்டும் தனியாக நின்றால், முழுத் தளத்துக்கும் கதவடைப்பு என்று பொருள். இங்கே பலரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. ரோபாட்ஸ் கோப்பு ‘உள்ளே வராதே’ என்று சொல்கிறது. நோஇண்டெக்ஸ் ‘வந்து பார், ஆனால் பட்டியலில் சேர்க்காதே’ என்று சொல்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்துக்கு வைத்தால், உள்ளே வர முடியாத கூகுள்பாட்டால் (தளங்களை வந்து படிக்கும் கூகுளின் நிரல்) நோஇண்டெக்ஸ் குறிப்பைப் படிக்கவும் முடியாது. அதனால், மறைக்க நினைத்த பக்கத்தின் வெறும் முகவரி, விவரமேதும் இல்லாமல் முடிவுகளில் எட்டிப்பார்க்கும் விபரீதமும் நடக்கும்.

தடைகளை நீக்கியபின் அதே சோதனைப் பெட்டியிலிருந்து, பக்கத்தை அட்டவணையில் சேர்க்குமாறு வேண்டுகோள் அனுப்பலாம். ஒரு முறை போதும். நாளுக்குப் பத்து முறை அனுப்புவதால் வேகம் கூடாது. சில நாட்களிலும் நடக்கலாம், சில வாரங்களும் ஆகலாம். தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் என்ற கோப்பு இருந்தால் நல்லதுதான் என்றாலும், எல்லாப் பக்கங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பதினைந்து பக்கத் தளத்துக்கு அது உயிர்நாடி அன்று; ஒரு சைட்மேப்பில் 50,000 முகவரிகள் வரை இடலாம் என்பதே அது யாருக்காக உருவானது என்பதைக் காட்டிவிடும்.

தளம் அட்டவணையில் இருந்தும் பெயர்த் தேடலில் வரவில்லை என்றால், பெயரில்தான் சிக்கல். ஒரு பூவின் பெயரோ நதியின் பெயரோ மட்டும் கொண்ட விடுதியை, அதே பெயருள்ள நூறு விடுதிகளிலிருந்து தேடுபொறி எப்படிப் பிரித்தறியும்? முகப்பின் தலைப்பிலும், பக்கத்தின் அடிப்பகுதியிலும், தொடர்புப் பக்கத்திலும் விடுதிப் பெயரோடு ஊர்ப் பெயரும் முழு முகவரியும் எழுத்தாக இருக்க வேண்டும்.

அறிகுறி: முகப்பு வருகிறது, அறைகளைப் பற்றிய பக்கங்கள் வரவில்லை

முதலில் அறைப் பக்கத்தைத் திறந்து, ஒரு வரியைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது எழுத்து அன்று, படம். அறை வகைகளையும் வசதிகளையும் அழகாக வடிவமைத்து ஒற்றைப் படமாக ஏற்றிவிட்ட தளங்கள் ஏராளம். மனிதக் கண்ணுக்கு அது முழுமையான பக்கம், தேடுபொறிக்கோ கிட்டத்தட்ட வெற்றுத்தாள்.

எழுத்தாகவே இருந்தால், அந்த எழுத்து யாருடைய பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். முன்பதிவு மென்பொருளை நிறுவித் தந்த நிறுவனத்தின் பக்கம் உங்கள் பக்கத்துக்குள் ஒரு சட்டகமாகப் பதிக்கப்பட்டிருந்தால், அறை விவரம் முழுவதும் அவர்களுடைய முகவரியில்தான் குடியிருக்கிறது. அதனால் வரும் பலனை உங்கள் தளம் நம்பியிருக்க முடியாது. அறைக்கு ஒரு பக்கம் உங்கள் டொமைனிலேயே இருக்கட்டும். கட்டிலின் அளவு, சன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்த மாடி, மின்தூக்கி உண்டா இல்லையா என்பவற்றை அங்கே எழுதிவிட்டு, தேதி தேர்வு செய்யும் இடத்தை மட்டும் முன்பதிவு மென்பொருளுக்கு விட்டுவிடுங்கள். முகப்பிலிருந்து அந்தப் பக்கங்களுக்குச் செல்லும் வழியும் முறையான இணைப்பாக இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால்தான் ஸ்கிரிப்ட் ஓடிப் பக்கம் திறக்கும் என்றால் கூகுள்பாட் பொத்தானை அழுத்தாது.

சர்ச் கன்சோலின் பக்க அட்டவணை அறிக்கையில் இரண்டு காரணங்கள் ஒன்றுபோலத் தோன்றும். ‘கண்டறியப்பட்டது, தற்போது சேர்க்கப்படவில்லை’ என்றால் முகவரி தெரியும், இன்னும் வந்து பார்க்கவில்லை. ‘பார்வையிடப்பட்டது, தற்போது சேர்க்கப்படவில்லை’ என்றால் வந்து, பார்த்து, வேண்டாம் என்று போயிருக்கிறது. இரண்டாவது வந்தால் பக்கத்தின் சரக்கைச் சோதிக்க வேண்டும். ஆறு அறைகளுக்கு ஆறு பக்கங்கள் வைத்து, அறை எண்ணைத் தவிர மற்றதெல்லாம் ஒரே வாசகமாக இருந்தால், அவற்றை ஒரே பக்கமாகச் சேர்ப்பதே நேர்மையான தீர்வு.

இதே அறிகுறியின் இன்னொரு வடிவம், பன்மொழித் தளத்தில் ஒரு மொழி மட்டும் தேடலில் தெரிவது. வருகையாளர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று பார்த்துத் தானாகவே மொழியை மாற்றிவிடும் ஏற்பாடு இருந்தால் அதை முதலில் சந்தேகியுங்கள். கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க முகவரிகளிலிருந்தே வருகிறது. எனவே எந்தக் கதவைத் தட்டினாலும் அது ஆங்கிலப் பக்கத்துக்கே தள்ளப்படும். ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி, இடையில் வெளிப்படையான இணைப்பு, தானியங்கித் திருப்பம் கிடையாது என்று மாற்றினால் சரியாகிவிடும்.

அறிகுறி: பெயரைத் தேடினால் முன்பதிவுத் தளங்கள் மேலே, நம் தளம் கீழே

மேலே இருப்பவை விளம்பரங்களா, இயல்பான முடிவுகளா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். விளம்பரக் குறி இருந்தால், அந்தத் தளங்கள் உங்கள் பெயருக்குப் பணம் கட்டியிருக்கின்றன. அதற்கு உங்கள் தளத்தில் எந்தத் திருத்தமும் மருந்தாகாது. ஒப்பந்தத்தில் உங்கள் பெயரை விளம்பரச் சொல்லாகப் பயன்படுத்துவது குறித்து ஏதேனும் விதி இருக்கிறதா என்று படித்துப் பார்க்கலாம், அல்லது சொந்தப் பெயருக்கு நீங்களே சிறிய அளவில் விளம்பரம் வைக்கலாம்.

இயல்பான முடிவுகளிலேயே பின்தங்கியிருந்தால் அது திருத்தக்கூடிய கோளாறு, பெரும்பாலும் முகப்பின் தலைப்பில் தொடங்குவது. உலாவியின் தாவலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘முகப்பு’ என்றோ ‘வருக வருக’ என்றோ இருந்தால், தளத்தின் மிக விலையுயர்ந்த வரியை வீணாக்கியிருக்கிறீர்கள். விடுதியின் பெயர், ஊர், எத்தகைய விடுதி என்பது, இதுவே அதிகாரபூர்வத் தளம் என்னும் குறிப்பு ஆகிய நான்கும் அந்த வரியில் அடங்கிவிடும்.

பிறகு, தேடலிலும் வரைபடத்திலும் விடுதியின் விவரங்களைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் ‘இணையதளம்’ என்ற பொத்தான் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று அழுத்திப் பாருங்கள். பழைய டொமைனுக்கோ, சமூக ஊடகப் பக்கத்துக்கோ, எப்போதோ யாரோ இட்ட முன்பதிவுத் தளத்துக்கோ அது போய்க்கொண்டிருப்பதுண்டு. பிசினஸ் புரொஃபைலோடு சேர்த்து கூகுள் முன்பு இலவசமாகத் தந்த எளிய தளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. அந்த முகவரியை இன்னமும் அட்டைகளிலும் சுற்றுலாப் பட்டியல்களிலும் வைத்திருப்பவர்கள் இறந்துபோன இணைப்பைப் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கூகுளில் விடுதியின் பெயரைத் தேடினால் வரும் விவரப் பகுதியில் பல தளங்களின் கட்டணங்கள் வரிசையாகக் காட்டப்படும் இடத்தில் உங்கள் கட்டணமும் வர வேண்டுமென்றால், அதற்கு வழி 2021 மார்ச்சிலிருந்து இலவசமாகவே இருக்கிறது. ஆனால் அறைக் கட்டணமும் காலியிடமும் முன்பதிவு மென்பொருள் வழியாகக் கூகுளுக்குப் போய்ச் சேர வேண்டும். எனவே மென்பொருள் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கூகுளின் இலவச முன்பதிவு இணைப்புகளுக்கு எங்கள் கட்டணத்தை அனுப்புகிறீர்களா?

அறிகுறி: வரைபடத்தில் விடுதி தெரியவில்லை

உள்ளூர் முடிவுகளை வரிசைப்படுத்தும்போது தேடலோடு உள்ள பொருத்தம், தூரம், அறியப்பட்டிருக்கும் அளவு ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. மற்ற இரண்டில்தான் வேலை.

புரொஃபைல் உறுதிசெய்யப்பட்டதா என்பதும், ஒரே விடுதிக்கு இரண்டு புரொஃபைல்கள் இருக்கின்றனவா என்பதும் முதல் சோதனை. முந்தைய உரிமையாளர் காலத்துப் பெயரில் ஒன்று, இப்போதைய பெயரில் ஒன்று என இரண்டு இருந்தால் மதிப்புரைகள் இரண்டாகப் பிளந்து கிடக்கும். அடுத்தது முதன்மை வகை. விடுதியை ‘உணவகம்’ என்றோ ‘திருமண மண்டபம்’ என்றோ யாராவது பதிந்துவைத்திருந்தால், தங்குமிடம் தேடுபவருக்கு அது பொருத்தமானதாகக் கருதப்படாது. வரைபடத்தில் விடுதியின் இடத்தைக் காட்டும் ஊசிமுனை சரியான கட்டடத்தின் மேல் குத்தியிருக்கிறதா என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். பொதுமக்களும் திருத்தங்களை முன்மொழியலாம் என்பதால், பழுதுபார்ப்புக்காகப் பத்து நாள் மூடிய விடுதி ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று மாறிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறையாவது திறந்து பார்ப்பது நல்லது.

மதிப்புரை எழுதினால் தள்ளுபடி என்று சொல்லாதீர்கள். ஊக்கத்தொகை கொடுத்து மதிப்புரை வாங்குவது விதிமீறல். பிடிபட்டால் நீக்கப்படுவது அந்த ஒரு மதிப்புரையோடு நிற்காது. விடைபெறும் விருந்தினரிடம் வாயால் கேட்பதும், வந்த மதிப்புரைக்கு, குறிப்பாகக் குறை சொன்னதற்கு, நிதானமாகப் பதில் எழுதுவதும் போதும். சொந்தத் தளத்தில் உங்கள் விடுதிக்கு நீங்களே நட்சத்திரக் குறியீட்டை இணைத்துத் தேடல் முடிவில் நட்சத்திரம் வரவழைக்கும் உத்தி 2019 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. அதை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது வேறு கதை.

அறிகுறி: நன்றாக வந்துகொண்டிருந்தது, திடீரென்று விழுந்துவிட்டது

பதறாமல் முதலில் பருவத்தைக் கழியுங்கள். போன மாதத்தோடு ஒப்பிட்டால் விடுதித் தொழிலில் எல்லாமே வீழ்ச்சியாகத்தான் தெரியும். சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் சென்ற ஆண்டின் இதே நாட்களோடு ஒப்பிடுங்கள். பிறகு காட்டப்பட்ட எண்ணிக்கை, கிளிக், முடிவுகளில் கிடைத்த சராசரி இடம் ஆகிய மூன்று கோடுகளையும் சேர்த்து வாசியுங்கள். காட்டப்பட்ட எண்ணிக்கை குறைந்து சராசரி இடம் அப்படியே இருந்தால், தேடுபவர்களே குறைந்திருக்கிறார்கள், தளத்தில் குற்றமில்லை. இடம் நிலையாக இருந்து கிளிக் மட்டும் குறைந்தால், முடிவுப் பக்கத்தில் உங்களுக்கு மேலே புதிதாக ஏதோ முளைத்திருக்கிறது. சராசரி இடமே சரிந்திருந்தால் எந்தப் பக்கம், எந்தத் தேடல், எந்தத் தேதி என்று பிரித்துப் பார்த்து, அந்தத் தேதியில் தளத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

பெரும்பாலும் கிடைக்கும் பதில், “அன்றுதான் புதுத் தளத்தை ஏற்றினோம்” என்பது. பழைய பக்கங்களின் முகவரிகள் மாறியிருக்கும். ஆண்டுக்கணக்காக மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள் எல்லாம் ‘பக்கம் இல்லை’ என்ற பலகையில் வந்து முட்டிக்கொண்டிருக்கும். பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்கு ஈடான புதிய பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பத்தால் அனுப்ப வேண்டும். சோம்பலில் எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிட்டால், பக்கம் இல்லாததாகவே கூகுள் அதைக் கருதக்கூடும். திருப்பங்களை ஓராண்டாவது விட்டுவையுங்கள்; டொமைனே மாறியிருந்தால் பழைய டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தை அறிவிக்கத் தனிக் கருவி இருக்கிறது.

புதுத் தளம் எதுவும் இல்லை என்றால், முன்பு சொன்ன ‘சைட்’ தேடலை மறுபடியும் செய்யுங்கள். பத்துப் பக்கத் தளத்துக்கு ஆயிரக்கணக்கான முடிவுகள், அதுவும் உங்களுக்குத் தெரியாத மொழியில், ஏதோ பொருள்களை விற்பவையாக வந்தால் தளம் ஊடுருவப்பட்டிருக்கிறது. உலாவியில் திறந்தால் வழக்கமான விடுதிப் பக்கமே தெரியும் என்பதால் உரிமையாளர் நம்பமாட்டார். இத்தகைய ஊடுருவலில் தேடுபொறிக்கு ஒன்றும் மனிதருக்கு வேறொன்றும் காட்டுவது வழக்கம். சர்ச் கன்சோலின் பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதியையும், அதன் அமைப்புகளில் பயனர் பட்டியலையும் பாருங்கள், ஏனெனில் ஊடுருவியவர்கள் தங்களையே உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. சுத்தம் செய்து, கடவுச்சொற்களை மாற்றி, பழைய பிளக்-இன்களை (தளத்தில் சேர்த்த கூடுதல் நிரல்களை) நீக்கியபின் மறுஆய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதை மட்டும் பழகியவரிடம் விடுங்கள். பின்கதவு ஒன்று மிச்சமிருந்தாலும் பத்து நாளில் திரும்பி வந்துவிடும்.

அறிகுறி: காட்டப்படுகிறது, யாரும் கிளிக் செய்வதில்லை

முதலில் எந்தத் தேடல்களுக்குக் காட்டப்படுகிறது என்று பாருங்கள். வேறு ஊரில் உள்ள அதே பெயர் விடுதியைத் தேடுபவர்களுக்குக் காட்டப்பட்டால், கிளிக் வராததே நியாயம். சரியான தேடல்கள்தான் என்றால் தலைப்பையும் அதன் கீழே வரும் விவரக் குறிப்பையும் திருத்துங்கள். ‘எல்லா வசதிகளும் கொண்ட சிறந்த விடுதி’ என்ற வரி எவருக்கும் எதையும் சொல்வதில்லை. ‘ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை, எட்டு அறைகள், இரவு வருகை ஏற்கப்படும்’ என்பது சொல்கிறது. கொடுத்த தலைப்பை அப்படியே காட்டக் கூகுள் கட்டுப்பட்டதில்லை. எல்லாப் பக்கங்களிலும் ஒரே தலைப்பு இருந்தாலோ சொற்களை அடுக்கித் திணித்திருந்தாலோ அது தானே வேறொன்றை எழுதிக்கொள்ளும்.

அறிகுறி: கைப்பேசியில் தளம் இழுக்கிறது

கூகுள் இப்போது தளங்களின் கைப்பேசி வடிவத்தைத்தான் பார்த்து அட்டவணையிடுகிறது. எனவே கணினியில் காட்டப்பட்டு, கைப்பேசியில் மறைக்கப்பட்ட உள்ளடக்கம் கணக்கில் வராமலே போகலாம். வேகத்துக்கு அது வைத்திருக்கும் அளவுகோல்களின்படி, பக்கத்தின் மிகப் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பதில் வர வேண்டும். விடுதித் தளங்களில் குற்றவாளி கிட்டத்தட்ட எப்போதும் முகப்பில் சுழலும் புகைப்படங்கள்தான். கேமராவிலிருந்து வந்த அளவிலேயே ஏற்றிய ஐந்து படங்களுக்குப் பதிலாக, சுருக்கிய ஒரே படம் போதும். இதைச் சரிசெய்தால் தரவரிசை தாவிக் குதிக்காது, ஆனால் வந்தவர் பொறுமையிழந்து திரும்பமாட்டார்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் ஊர்ப் பெயரோடு ‘விடுதி’ என்று தேடினால் வரவில்லை

இது கோளாறு அன்று. அந்தத் தேடலின் முதல் பக்கம் வரைபடத்துக்கும், ஆயிரக்கணக்கான விடுதிகளைப் பட்டியலிடும் பெருந்தளங்களுக்கும் உரியதாகிவிட்டது. எட்டு அறை விடுதி அங்கே மோதிப் பணத்தைக் கரைப்பது வீண். முதலிடம் நிச்சயம் என்று சொல்லி வருபவரையும், பக்கத்தின் நிரலுக்குள் மறைந்திருக்கும் முக்கியச் சொல் குறிச்சொல்லை (மெட்டா கீவேர்ட்ஸ்) நிரப்பித் தருகிறேன் என்பவரையும் வாசலிலேயே அனுப்பிவிடலாம். அந்தக் குறிச்சொல்லை வரிசைப்படுத்தலில் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

சிறு விடுதி வெல்லக்கூடியவை குறுகலான தேடல்கள். சக்கர நாற்காலியோடு நுழையக்கூடிய குளியலறை, வளர்ப்புப் பிராணியோடு தங்க அனுமதி, பெரிய வண்டியை நிறுத்த இடம், அருகிலுள்ள மருத்துவமனைக்கு வருபவர்களுக்கான நீண்ட நாள் தங்கல் ஆகியவற்றைப் பெருந்தளங்கள் ஒரு சிறு குறியீட்டோடு கடந்துவிடுகின்றன. வாசலின் அகலம் எத்தனை, படிகள் எத்தனை, வண்டி திரும்ப இடமுண்டா என்று அளந்து, படத்தோடு எழுதிய ஒரு பக்கம் அவர்களிடம் இல்லை. எதை எழுதுவது என்று யோசிக்க வேண்டியதில்லை: கடந்த மூன்று மாதங்களில் தொலைபேசியில் விருந்தினர்கள் கேட்ட கேள்விகளை வரவேற்பறையில் இருப்பவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அதிகம் கேட்கப்பட்டதிலிருந்து ஒவ்வொன்றாகப் பக்கமாக்குங்கள். பக்கம் ஏறிய தேதியையும் குறித்துவையுங்கள். அடுத்த முறை சர்ச் கன்சோலில் கோடு ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று தேட அந்தக் குறிப்பு வேண்டியிருக்கும்.